தலைகீழ்க் கேள்விக்குறி

ஆனைமடையில் அந்த வருஷம் சாரல் எட்டு நாள் பிந்தி வந்தது. வந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டைப்பிங் கடையின் கம்ப்யூட்டர் திரையிலிருந்து ஒரு சிவப்புக் கேள்விக்குறி இறங்கி ஊருக்குள் போயிற்று. புள்ளி மேலேயும் கொக்கி கீழேயுமாகத் தலைகீழாக நிற்கும் கேள்விக்குறி. அது கதவு வழியாகப் போனதா, ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து போனதா என்று கடைக்காரி உலகம்மாள் பார்க்கவில்லை. பிரிண்டரில் சிக்கிய தாளைக் கிழியாமல் உருவுவதில் அவள் மும்முரமாக இருந்தாள்.

உலகம்மாளுக்கு நாற்பத்தொரு வயது. பாதியில் விட்ட கணிதப் பட்டப்படிப்போடு திருப்பூரில் வாக்கப்பட்டு, ஆறு வருஷம் இருந்து, ஒரு டிரங்குப் பெட்டியோடு தனியாகத் திரும்பி வந்தவள். கேட்டவர்களிடமெல்லாம் "ஒத்து வரலை, வந்துட்டேன்" என்று ஒரே பதிலை ஒரே குரலில் சொன்னாள். இவ்வளவு சுருக்கமாக ஒருத்தி உண்மை பேசுவாளா என்று ஊர் அன்றிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தது.

சுற்றுவட்டாரத்துப் பள்ளிக்கூடங்கள் பதினொன்றுக்கும் டியூஷன் சென்டர்கள் இரண்டுக்கும் அவள்தான் கேள்வித்தாள் அடித்துக் கொடுத்தாள். தமிழும் வரலாறும் எந்தக் கடையிலும் அடிப்பார்கள். கணக்கு என்றால் பின்னமும் வர்க்கமூலமும் அடுக்குக்குறியும் இடம் பிசகாமல் உட்கார வேண்டும், அது அவள் கைக்குத்தான் வந்தது. அதற்கு அவள் வைத்திருந்தது, காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு எழுத்துச் செயலி.

"சும்மாவா குடுக்கான்?" என்று ஊராட்சித் தலைவர் சிவனணைந்தான் ஒருமுறை, மனு ஒன்று அடிக்க வந்த இடத்தில், கேட்டார்.

"சும்மாதான் அண்ணாச்சி."

"ஒத்த ரூவா கூட வாங்காமலா?"

"வாங்கலை."

"அப்போ வேற என்னத்தையோ வாங்குதான்" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு தன் மனுக்களைக் கையாலேயே எழுதினார்.

அந்தச் செயலியில் சூத்திரம் எழுதுவது படம் வரைவது மாதிரி இல்லை, ஆளுக்கு வேலை சொல்வது மாதிரி. கீழே ஒரு சின்னக் கட்டம் திறக்கும். அதில் இன்னது, இன்னதுக்கு மேல், இன்னதின் மூலம் என்று வார்த்தையாகச் சொல்லிக்கொண்டே போனால், மேலே தாளில் அது பின்னமாகவும் மூலமாகவும் தானே உருவெடுக்கும். சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது திட்டாது, நிற்காது. எது வர வேண்டுமோ அந்த இடத்தில் சிவப்பாக ஒரு தலைகீழ்க் கேள்விக்குறியைப் போட்டுவிட்டுக் காத்திருக்கும். வர வேண்டியது வந்ததும் குறி போய்விடும். அங்கே வர வேண்டியது நிஜமாகவே ஒன்றுமில்லை என்றால், இரண்டு வளைந்த அடைப்புக்குறிகளை ஒட்டி ஒட்டிப் போட வேண்டும், உள்ளே எதுவும் எழுதாமல். இங்கே காலி, காலி என்று எனக்குத் தெரியும் என்று அதற்குச் சொல்வது அது. சொன்னால் கேட்டுக்கொள்ளும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் அடித்துக்கொண்டிருந்தது டியூஷன் சென்டர் நடத்தும் ஆறுமுகநயினார் சாரின் பிளஸ் டூ கேள்வித்தாள். பதினேழாவது கேள்வியில் சார் பின்னத்தின் மேல்பாதியை எழுதிக் கோடு போட்டுவிட்டுக் கீழ்ப்பாதியை மறந்திருந்தார். அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டாள், சிவப்புக் குறி வந்தது, சாருக்குப் போன் செய்தாள், அவர் எடுக்கவில்லை. பிரிண்டரில் சிக்கிய தாளை உருவிவிட்டு நிமிர்ந்தபோது திரையில் குறி இல்லை. கீழ்ப்பாதியும் இல்லை. கோட்டுக்குக் கீழே வெள்ளையாக இருந்தது.

அரை மணி நேரத்தில் நயினார் சாரே குடையில்லாமல் ஓடி வந்தார்.

"உலகம்மா, என் போர்டுல எவனோ பெயிண்ட் அடிச்சிட்டுப் போயிருக்காம்மா. பேருக்குப் பக்கத்துல. சிவப்பா, தூண்டில் முள்ளு மாதிரி."

போய்ப் பார்த்தாள். 'ஆறுமுகநயினார், எம்.எஸ்சி.' என்று நீலத்தில் எழுதிய பலகையில், எம்.எஸ்சி.க்கு மேலேயே அது நின்றிருந்தது. அவள் அதைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள், வழக்கமாகக் கடைக்கு வரும் ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு.

சாயங்காலத்துக்குள் அது ரேஷன் கடைத் தராசில் இருந்தது, மேல்நிலைப் பள்ளியில் எப்போதும் பூட்டியே கிடக்கும் ஆய்வுக்கூடத்தின் கதவில் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் நாற்பத்துமூன்று வீடுகளில். ஆடி முடிவதற்குள் நூற்றுப்பன்னிரண்டில். சில வீட்டில் வாசல் நிலையில், சில வீட்டில் பீரோவில், ஒரு வீட்டில் கல்யாணப் போட்டோவில் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில், ஒரு வீட்டில் தொட்டில் மாட்டும் கொக்கிக்கு நேர் கீழே தரையில். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள், போகவில்லை. சுண்ணாம்பு அடித்தார்கள், சுண்ணாம்பின் மேல் வந்து நின்றது. காரை பெயர்த்தார்கள், செங்கல்லில் இருந்தது. காலண்டரை மாட்டி மறைத்தார்கள், காலண்டரில் பதினைந்தாம் தேதிக்கும் பதினாறாம் தேதிக்கும் நடுவில் எட்டிப் பார்த்தது.

பிறகு ஆனைமடை அதற்குப் பழகிக்கொண்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் காபியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டார்கள். தரகர்கள் ஜாதகத்தோடு சேர்த்து "குறி இல்லாத வீடு" என்றோ "குறி உண்டு, ஆனா சின்னது, அடுப்படியிலதான்" என்றோ சொல்லக் கற்றுக்கொண்டார்கள். வாடகைக்கு வருகிறவர்கள் தண்ணீர் வசதிக்கு அடுத்தபடியாக அதைக் கேட்டார்கள். ஆட்டோக்காரர்கள் "ரெண்டு குறி வீட்டுக்கு எதுத்தாப்புல" என்று வழி சொன்னார்கள். கரண்ட் கணக்கு எடுக்க வருகிறவர் மீட்டரைப் பார்க்கும் சாக்கில் உள்சுவரையும் பார்த்துவிட்டு அடுத்த தெருவில் போய்ச் சொன்னார். குறி உள்ளவர்கள் குறி இல்லாதவர்களைப் பார்த்து, இவர்கள் எப்படித் தப்பினார்கள் என்று நினைத்தார்கள். குறி இல்லாதவர்கள் குறி உள்ளவர்களைப் பார்த்து, இத்தனை வருஷமாக இவர்கள் எதை ஒளித்து வைத்திருந்தார்கள் என்று நினைத்தார்கள். புருஷன்மார் குளிக்கப் போனதும் பெண்டாட்டிமார் பீரோவைத் திறந்து பார்த்தார்கள், பெண்டாட்டிமார் கோயிலுக்குப் போனதும் புருஷன்மார் அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தார்கள். தலைவர் சிவனணைந்தான் வீட்டில் குறி எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் ஆடி மாதத்திலிருந்து அவர் வீட்டு மாடிப்படிக் கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது, அதை எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

ஆவணி முதல் ஞாயிறு ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம் போட்டார்கள். உலகம்மாள் அங்கேதான் தப்புச் செய்தாள். எழுந்து நின்று, அந்தக் குறி எங்கிருந்து வந்தது, அது என்ன அர்த்தத்தில் போடப்படுவது என்று, கேட்காமலேயே விளக்கிச் சொல்லிவிட்டாள்.

"அது குத்தம் சொல்லுத குறி இல்ல. ஒண்ணு இருக்க வேண்டிய இடத்துல இல்லைன்னா அங்க வந்து நிக்கும். அவ்வளவுதான்."

கூட்டம் தலைவரைத் திரும்பிப் பார்த்தது.

"அப்போ உன் மெஷின்ல இருந்துதான் வந்திருக்கு" என்றார் தலைவர்.

"ஆமா."

"சும்மா குடுத்தானே, அதுல இருந்து."

"ஆமா."

"ஊரு பூராவும் இருக்கு. உன் கடையில மட்டும் ஏன் இல்ல?"

உலகம்மாள் யோசித்துப் பார்த்தாள். "எனக்கு என்னென்ன இல்லைன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி. நான் அதை மூடி வைக்கலையே" என்றாள்.

அவளைப் பொறுத்தவரை அது கணக்கு. கேட்டவர்களுக்கு அது திமிராகப் பட்டது. அன்று பிற்பகலே அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டியை உரச் சாக்கில் போட்டுக் கட்டி, முடிச்சில் அரக்கு வைத்து, ஊராட்சி அலுவலகப் பீரோவில் பூட்டினார்கள். பீரோ நிறையக் கம்பளிப் பூச்சி மாதிரி ஏதோ சிவப்பாக வரும் என்று இரண்டு பேர் முறை வைத்துக் காவல் இருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. சுவர்களில் இருந்ததும் போகவில்லை. உலகம்மாள் வெறும் திரையையும் விசைப்பலகையையும் தூசி தட்டி வைத்துவிட்டு, கடையில் ஜெராக்ஸ் மட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன்பு "உலகு" என்று கூப்பிட்டவர்கள் இப்போது "ஏம்மா" என்றார்கள்.

முதலில் உடைந்தது நயினார் சார்தான். ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, ஜெராக்ஸ் எடுக்க எதுவும் கொண்டுவராமல், பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எம்.எஸ்சி.யில ஒரு பேப்பர் நிக்குதும்மா. இருபத்திரண்டு வருஷமா. எழுதிரலாம் எழுதிரலாம்னு போர்டு எழுதிட்டேன், அப்புறம் எழுதவே இல்ல."

"இனி எழுதப் போறீங்களா சார்?"

"எங்க."

"அப்போ காலின்னு சொல்லிருங்க" என்று, துண்டுத்தாளில் இரண்டு வளைந்த அடைப்புக்குறிகளைப் போட்டுக் காட்டினாள்.

சார் மறுநாள் காலை, டியூஷன் பிள்ளைகள் எல்லோரும் வந்து நின்ற பிறகு, அவர்கள் முன்னாலேயே ஸ்டூல் போட்டு ஏறி, எம்.எஸ்சி.யை அழித்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு வளைவுகளை நீலத்தில் வரைந்தார். ஏன் என்று கேட்ட பிள்ளைகளிடம் காரணத்தையும் சொன்னார். இறங்கிப் பார்த்தபோது குறி இல்லை. பிள்ளைகள் உள்ளே போய் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்கள். ஒரு பெற்றோரும் பிள்ளையை நிறுத்தவில்லை, ஏனென்றால் ஊரில் கணக்குக்கு வேறு ஆள் கிடையாது. ஆனால் தெருவில் அவரைப் பார்த்தவர்கள், குறி இருந்தபோது பார்த்ததைவிட ஒரு மடங்கு கூடுதலாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பேப்பர்தான் என்று அவரே ஒப்புக்கொண்டால், நிஜத்தில் எத்தனை இருக்கும்?

இந்தச் சமயத்தில்தான் மாசானமுத்து வீட்டுக் குறி வெளியே தெரிந்தது.

மாசானமுத்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியை எண்ணிச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். தோட்டத்துப் பம்புசெட் எரிந்துபோனால் ஐந்து ஊர்க்காரர்கள் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். பேச்சு குறைவு. அவருடைய தம்பி இசக்கி பதினொரு வருஷத்துக்கு முன்னால் காணாமல் போனவன். காணாமல் போனான் என்று மாசானமுத்து சொன்னார், ஊரும் அப்படியே சொல்லிவந்தது. குறி அவர் வீட்டு முன்பக்கம் எங்கும் இல்லை. பின்சுவரில், சந்து இருக்கும் பக்கம், ஆள் உயரத்தில், மற்ற வீட்டுக் குறிகளைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. சந்துக்குள் ஆடு தேடிப் போனவர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். ஒருவருக்கும் அதற்கு மேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இருக்க வேண்டியது இல்லாத இடத்தில்தானே குறி வரும்? இந்த வீட்டில் இல்லாதது யார்?

தலைவர் சொல்லி, போலீஸ்காரர்கள் வந்தார்கள். பின்சுவரை ஒட்டி நான்கு அடிக்குத் தோண்டினார்கள், பிறகு ஆறு அடிக்கு. ஊர் சந்தின் இரண்டு முனையிலும் குடை பிடித்துக்கொண்டு நின்றது. ஓர் உடைந்த உரலும், ஒற்றைச் செருப்பும், நிறையத் தண்ணீரும் வந்தன. செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனார்கள். அது மாசானமுத்துவின் மாமனாருடையது என்று அவர் மனைவி தங்கபுஷ்பம் சொன்னதை எழுதிக்கொண்டார்கள், ஆனால் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த வாரத்திலிருந்து யாரும் அவரிடம் மோட்டார் கொண்டுவரவில்லை. கொடுத்திருந்தவர்கள் பாதி கட்டிய மோட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். தங்கபுஷ்பம் குழாயடிக்குப் போனால் வரிசை தானாக விலகி அவளுக்கு முதலிடம் விட்டது, அவள் தங்களுக்குப் பின்னால் நிற்பதை யாரும் விரும்பவில்லை.

ஆறாம் நாள் காலை தங்கபுஷ்பம் டைப்பிங் கடைக்குள் வந்து நின்றாள்.

"நீதானே ஊருக்குள்ள விட்ட. வந்து எடு."

"எனக்கு எடுக்கத் தெரியாதுக்கா. என்ன இல்லைன்னு பாக்கத்தான் தெரியும்."

"அப்போ வந்து பாரு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "உலகு, அந்த மனுஷனுக்குச் சோறு போட்டா, நானே அவரு கையைப் பாக்கேன். இந்தக் கையா இருக்குமோன்னு. பதினெட்டு வருஷம் கூடக் குடும்பம் நடத்திட்டு இப்படி ஆகிப்போச்சு."

உலகம்மாள் கடையைச் சாத்திவிட்டுப் போனாள். சந்தில் நின்று குறியைப் பார்க்காமல் அதன் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். அவள் வேலையில் அப்படித்தான். கோட்டுக்கு மேலே என்ன இருக்கிறது, சமக்குறிக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தால் நடுவில் எது விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். குறிக்கு இடது பக்கம் சுவரில் ஒரு துருப்பிடித்த கீல் பாதி வெளியே தெரிந்தது. கீழே, தோண்டிய குழிக்கு இந்தப் புறம், ஏறி ஏறித் தேய்ந்த ஒரு படிக்கல் சுவரை முட்டிக்கொண்டு கிடந்தது.

"இங்க கதவு இருந்துதாக்கா?"

"இசக்கி ரூமுக்கு. அவன் போன பெறகு அடைச்சாச்சு."

"யாரு அடைச்சா?"

தங்கபுஷ்பம் பதில் சொல்வதற்கு முன்னால் மாசானமுத்து பின்னால் வந்து நின்றார். கையில் வார்னிஷ் கறை இருந்தது, வேலை இல்லாவிட்டாலும் அவர் அந்தப் பட்டறையிலேயேதான் உட்கார்ந்திருந்தார்.

"நான்தான் அடைச்சேன்" என்றார். "கொத்தனாரைத் தலைவர் அனுப்பினாரு."

அதுவரை தங்கபுஷ்பத்துக்கும் தெரிந்த கதைதான். மருந்துக் கடையில் வேலை பார்த்த ஜான்சி என்ற பெண்ணை இசக்கி கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றான். வேறு சாதி, வேறு வேதம். சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர், சிவனணைந்தான் உட்பட, சாயங்காலம் வந்து உட்கார்ந்து, எதுவும் சாப்பிடாமல், எழுந்திருக்காமல், அந்தப் பெண் இந்த வீட்டுப் படி ஏறினால் நாங்கள் யாரும் ஏற மாட்டோம் என்றார்கள். மாசானமுத்து தம்பியைப் போகச் சொன்னார். அவன் போனான். தனி வாசல் இருந்தால் என்றைக்காவது கூட்டிக்கொண்டு வந்துவிடுவான் என்று மறுநாளே செங்கல் வைத்தார்கள்.

"அப்புறம் அவன் எங்க இருக்கான், என்ன ஆனான்னே தெரியாமப் போச்சு" என்று தங்கபுஷ்பம் முடித்தாள்.

மாசானமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தான்" என்றார்.

"யாரு?"

"மறு வருஷம். தேர் இழுத்த அன்னைக்கு. நீ பிள்ளைகளைக் கூட்டிட்டுத் தேர் பாக்கப் போயிட்ட. மத்தியானம். நான் உள்ள காயில் சுத்திட்டு இருந்தேன். சுவத்துல தட்டுத சத்தம் கேட்டுது. கதவு இருந்த இடத்துல நின்னு தட்டுதான். மூணு தடவை. அண்ணேன்னு கூப்பிட்டான். அந்தப் பிள்ளையும் கூட நின்னுது. முழுகாம இருந்துது போல, உக்காரணும்னு சொன்னது கேட்டுது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"நூத்தி நாப்பதாவது சுத்துல இருந்தேன். எண்ணிக்கை தப்பிரக்கூடாதுன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன்."

 தங்கபுஷ்பம் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தாள்.

சுவர் மாலை நாலு மணிக்கு விழுந்தது. செங்கல் எல்லாம் சரிந்து, பழைய நிலைப்படியின் அச்சு தெரிந்து, உள்ளே இசக்கியின் அறை இருட்டாகத் திறந்தது. குறி விழவில்லை. சுவர் போன பிறகும் அது அதே இடத்தில், அதே உயரத்தில், எதிலும் ஒட்டாமல் காற்றில் நின்றது. உலகம்மாள் அதைச் சுற்றி வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்பக்கமிருந்து பார்த்தாலும் தலைகீழாகத்தான் இருந்தது.

"கதவு மட்டும் இல்லைக்கா, இன்னும் என்னமோ வரணும்" என்றாள்.

இதற்கும் ஊர் பழகிக்கொண்டது. முதல் இரண்டு நாள் வரிசையில் வந்து பார்த்தார்கள், மூன்றாம் நாள் சந்து வழியாகப் போகும்போது தலையை மட்டும் திருப்பினார்கள், ஒரு வாரத்தில் மாடுகள்கூட அதைக் கண்டு மிரளுவதை விட்டன. சாரல் அதன் மேல் பட்டு இரண்டு பக்கமும் பிரிந்து விழுந்தது. தங்கபுஷ்பம் துணி காயப் போடும்போது அதை முட்டாமல் குனிந்து போய்வந்தாள். ஆனால் சந்தேகம் குறையவில்லை. சுவரை ஏன் அவர்களே உடைத்தார்கள்? உள்ளே இருந்ததை எடுத்துவிட்டுத்தானே உடைத்திருப்பார்கள்? டைப்பிங் கடைக்காரிக்கு அங்கே என்ன வேலை?

அதற்குள் காலாண்டுப் பரீட்சை நெருங்கிவிட்டது. பதினொரு பள்ளிக்கூடத்திலிருந்தும் ஆள் மாற்றி ஆள் ஊராட்சி அலுவலகத்துக்கு வந்து, பின்னமும் மூலமும் இல்லாமல் கணக்குப் பரீட்சை எப்படி நடத்துவது என்று கேட்டார்கள். தலைவர் அரக்கை உடைத்து, சாக்கோடு பெட்டியைத் திருப்பி அனுப்பினார். மன்னிப்பு எதுவும் அனுப்பவில்லை. உலகம்மாள் எலி கடித்திருக்கிறதா என்று வயர்களைப் பார்த்து மாட்டிவிட்டு, முதல் வேலையாக நயினார் சாரின் பதினேழாவது கேள்விக்குக் கீழ்ப்பாதியைக் கேட்டு வாங்கி அடித்தாள். பின்னம் கோட்டுக்கு மேலும் கீழும் நன்றாக உட்கார்ந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை.

மாசானமுத்துவிடம் மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கம்பி என்று குறித்து வைக்கும் ஒரு கெட்டி அட்டை நோட்டு உண்டு. அதன் கடைசிப் பக்கத்தில், யாருடைய மோட்டார் என்று பெயர் போடாமல், ஒரு போன் நம்பர் இருப்பதைத் தங்கபுஷ்பம் கண்டுபிடித்தாள். புனலூரிலிருந்து மோட்டார் கொண்டுவந்த ஒருவர், தம்பி கொடுக்கச் சொன்னதாக, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கொடுத்தது. ஒன்பது வருஷமாக மாசானமுத்து அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் நோட்டை மூடியிருக்கிறார். தங்கபுஷ்பம் டைப்பிங் கடையில் உட்கார்ந்துகொண்டு அந்த நம்பரை அடித்தாள்.

அவள் ஹலோ என்றதும், "மைனியா?" என்று கேட்டது இசக்கியின் குரல்.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "வந்துட்டுப் போயேன்" என்று மட்டும் சொன்னாள்.

"அண்ணன் சொல்லிச்சா?"

அவள் பொய் சொல்லவில்லை. "இன்னும் இல்ல" என்றாள்.

இருந்தும் வந்தார்கள். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி பஸ்ஸில், பிள்ளையைப் புனலூரிலேயே விட்டுவிட்டு, இருவரும் இறங்கினார்கள். இசக்கிக்குக் காதோரம் நரைத்திருந்தது. ஜான்சி மரூன் கலர்ச் சேலையில், ஒரு துணிப்பையும் குடையுமாக, அவனுக்கு ஓரடி பின்னால் நடந்தாள். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் செய்தி சந்துக்குப் போய்விட்டது. முன்வாசல் திறந்துதான் இருந்தது. இசக்கி அதைத் தாண்டிச் சந்துக்குள் வந்து, தேய்ந்த படிக்கல்லுக்கு முன்னால் நின்றான். குறி அவன் முகத்துக்கும் உள்ளிருந்த இருட்டுக்கும் நடுவில் தொங்கியது.

சந்து நிறையக் குடைகள். இசக்கி செத்துப்போனான் என்று ஆறடிக்குத் தோண்டியதை நின்று பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

"இவன் இசக்கிதான்னு எப்படித் தெரியும்?" என்றார் சிவனணைந்தான். "தம்பி, ஆதார் இருக்கா?"

இசக்கி எடுத்துக் கொடுத்தான். அட்டை கைமாறிக் கைமாறிச் சந்தின் கடைசிவரை போய்த் திரும்பி வந்தது. போட்டோ மாதிரி இல்லை என்றார் ஒருவர். ஆதாரில் யாருடைய போட்டோதான் அவர் மாதிரி இருக்கிறது என்றார் இன்னொருவர். முகவரி கேரளா என்றிருக்கிறதே என்றார் மூன்றாமவர்.

"நிஜ இசக்கின்னா குறி போயிருக்கணுமே" என்றார் தலைவர். "போகலையே."

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அவர்கள் இசக்கியை விட்டுவிட்டு உலகம்மாளைப் பார்த்தார்கள், அவள் தங்கபுஷ்பத்துக்குப் பக்கத்தில் சுவரோரம் நின்றிருந்தாள்.

உள்ளே பட்டறையிலிருந்து மாசானமுத்து வந்தார். அறைக்குள், குறிக்கு அந்தப் பக்கம், இருட்டில் நின்றார். வெளியே நின்றவன் அவர் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு செங்கல் தூரத்தில் இப்படித்தான் நின்றார்கள், பார்க்காமல்.

"இசக்கி" என்றார் மாசானமுத்து. ஓரடி முன்னால் வந்து மறுபடி கூப்பிட்டார். "வாலே, உள்ள வா."

குறி அசையவில்லை. இசக்கியும் அசையவில்லை.

"பாத்தியளா" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். "அவன் இல்ல."

தங்கபுஷ்பம் வாயைத் திறந்தாள். உலகம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீங்க சொல்லாதீங்கக்கா. அவரு சொல்லட்டும்."

மாசானமுத்து தம்பியின் தோளுக்கு மேலே பார்த்தார். அங்கே ஒரு பெண் குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்பு மருந்துக் கடையில் அவளிடம் எத்தனையோ தடவை தலைவலி மாத்திரை வாங்கியிருக்கிறார். பதினொரு வருஷமாக அவர் வீட்டில் அவளைக் குறிப்பிட நேர்ந்தபோதெல்லாம் 'அந்தப் பிள்ளை' என்றுதான் சொன்னார், சொந்தக்காரர்கள் அதைவிட மோசமாகச் சொன்னார்கள். பெயரை அவர் வாயால் சொன்னதேயில்லை. அதைச் சொல்ல அவருக்கு ஒரு மோட்டார் கட்டி முடிக்கும் அளவு நேரம் ஆனதாக நின்றவர்களுக்குத் தோன்றியது. சாரல் குடைகளின் மேல் பொரிந்தது.

"ஜான்சி" என்றார். "நீயும் உள்ள வாம்மா. வந்து உக்காரு."

ஜான்சி உடனே வரவில்லை. அந்தப் படிக்கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் கேட்டுதா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"கேட்டுது" என்றார் மாசானமுத்து.

அவள் தலையை அசைத்தாள். குடையைச் சுருக்கி, தண்ணீரை உதறி, இசக்கியைத் தாண்டி முன்னால் வந்து, தாழ்ந்த நிலைவாசலுக்குக் குனிகிறவள் மாதிரி லேசாகக் குனிந்து, கல்லில் கால் வைத்து உள்ளே ஏறினாள். இசக்கி பின்னால் ஏறினான். தங்கபுஷ்பம் முன்வாசல் வழியாக அடுப்படிக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் வாசலில் குறி இல்லை என்று தெரிந்தது. அது எப்போது போனது, அவள் குனிந்தபோதா, அவர் அவள் பெயரைச் சொன்னபோதா, கேட்டது என்று ஒப்புக்கொண்டபோதா என்று சந்தில் நின்றவர்கள் வெகுநேரம் வாதாடினார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் எல்லோரும் பக்கத்தில் நின்றவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.